ஒரு பக்கம் தேய்ந்த ஷாஃப்ட்

போன வருஷம் தை அறுவடைக்குப் பிறகு, புதுவயல் பக்கம் ஒரு அரிசி ஆலையிலிருந்து ஒரே ஷாஃப்ட், அதாவது சுற்றுகிற இரும்புத் தண்டு, என் பட்டறைக்கு மூன்று தடவை வந்தது. உமியை இழுத்துத் தள்ளுகிற புளோயர் ஃபேனின் ஷாஃப்ட் அது. பேரிங் உட்காருகிற இடம் தேய்ந்து, பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்ட்டைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டிருந்தது. முதல் தடவை வெல்டு ஏற்றிக் கடைந்து சைஸுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். மூன்று வாரம் ஓடியது. ரெண்டாவது தடவையும் அதே வைத்தியம்தான், இன்னும் கொஞ்சம் டைட்டாக வைத்து. அதுவும் மூன்று வாரம். மூன்றாவது தடவை ஷாஃப்ட்டை டிவிஎஸ் வண்டியில் குறுக்கே கட்டி எடுத்து வந்த ஆபரேட்டர், அதை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "அண்ணே, தப்பா நினைக்காதீங்க, முதலாளி வேற பட்டறை பாக்கச் சொல்றாரு" என்றார்.

தப்பாக நினைக்கவில்லை. அவர் சொன்னது நியாயம். ரெண்டு தடவையும் தேய்ந்த இடத்தை நிரப்பிக் கொடுத்தேனே தவிர, அது ஏன் தேய்கிறது என்று அந்த ஷாஃப்ட்டை வெளிச்சத்தில் வைத்து நின்று பார்க்கவே இல்லை. பார்த்தவன் என்னிடம் வேலை பழக வந்து எட்டு மாதமே ஆன பையன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் இந்த வேலையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

காரைக்குடியில் லேத் பட்டறை, அதாவது இரும்பைச் சுற்றவிட்டுக் கடைகிற பட்டறை, வைத்து எனக்குப் பதினாலு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ஐடிஐயில் டர்னர் டிரேடு ரெண்டு வருஷம், அப்புறம் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் ஓட்டுகிற சிஎன்சி மிஷினில் நாலு வருஷம். அங்கே பம்பு உதிரிப் பாகம் ஓட்டினோம். ஒரு ஜாபுக்கு, அதாவது ஒரு பாகத்துக்கு, எழுபது செகண்டு. கதவைத் திற, ஜாபை எடு, புதுசை மாட்டு, கதவை மூடு, பட்டனை அழுத்து. இருபது ஜாபுக்கு ஒரு தடவை மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து, டூல் தேய்ந்த அளவுக்கு மிஷினில் டூலின் இடத்தைச் சொல்கிற ஆஃப்செட்டில் நூறில் ஒரு மில்லிமீட்டரோ ரெண்டோ மாற்ற வேண்டும். அந்த வேலையைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆயிரம் ஜாபும் ஒரே அளவில் வருவதற்குப் பின்னால் பெரிய ஒழுங்கு இருக்கிறது, அளவு எடுக்கிற பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. ஆனால் அங்கே கையில் டிராயிங் இருந்தது. என்ன அளவு, எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம், எல்லாம் அதில் இருந்தது. ஊருக்குத் திரும்பி ஒரு ரிப்பேர் பட்டறையில் வேலைக்கு நின்ற முதல் நாள், ஒருவர் துருப்பிடித்த இரும்புத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து "இதே மாதிரி ஒண்ணு வேணும்" என்றார். நான் வர்னியர் அளவுகோலை எடுத்து அளந்து எழுத ஆரம்பித்தேன். பட்டறை மேஸ்திரி என் கையிலிருந்து வர்னியரை வாங்கிக்கொண்டார்.

"இது இப்ப இருக்கிற அளவு. இதை எதுக்கு எழுதுற? இது புதுசா இருந்தப்ப என்ன அளவுல இருந்துச்சுன்னு கண்டுபிடி."

நான் இந்தத் தொழிலில் கற்றதில் முக்கால்வாசி அந்த ஒரு பேச்சுக்குள் இருக்கிறது. ரிப்பேருக்கு வருகிற சாமான் எல்லாமே தேய்ந்த சாமான். அதை அப்படியே அளந்து நகல் எடுத்தால், புதுசாகச் செய்வதும் தேய்ந்ததாகவே இருக்கும். தேயாத இடம் எங்கேயாவது இருக்கும், அதைத் தேட வேண்டும். ஷாஃப்ட்டில் பேரிங்குக்கும், தண்டு தடிக்கிற தோளுக்கும் நடுவில் ஒரு மெல்லிய வளையம் மாதிரி தொடப்படாமல் இருக்கும், விரலை ஓட்டினால் நகம் தட்டும். புஷ்ஷில், அதாவது துளைக்குள் போடுகிற உலோகக் குழாயில், எண்ணெய்த் துளைக்குப் பக்கத்தில் ஒரு ஓரம் இருக்கும். பேரிங் நம்பர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது, 6208 என்றால் கடைசி ரெண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கு, உள்துளை 40 மில்லி. ஷாஃப்ட் 39.8 இருக்கிறது என்று வர்னியர் சொன்னாலும் அது பிறந்தபோது 40தான் என்று பேரிங் சொல்லிவிடும்.

எங்கள் பக்கம் லேத் என்ற வார்த்தை வருவதற்கு முன்னாலிருந்தே கடைசல் இருக்கிறது. மோர் கடைவதும் கடைவதுதான், மரத்தைச் சுற்றவிட்டு உளி பிடிப்பதும் கடைவதுதான். மத்தில் கயிறு போட்டு இழுக்கிற மாதிரியே, மரத்தில் கயிறு சுற்றி ஒருவர் முன்னும் பின்னும் இழுக்க இன்னொருவர் உளி வைப்பார், அதுதான் பழைய கடைசல் பட்டறை. முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கிற பழம்பொருள் கடைகளில் போய் நின்றால், பர்மாத் தேக்கில் கடைந்த கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடியின் கடைசல் கம்பு எல்லாம் வரிசையாகச் சாத்தி வைத்திருப்பார்கள். நான் அந்தப் பக்கம் போனால் ஒரே கட்டிலின் நாலு காலையும் கையால் தடவிப் பார்ப்பேன். மைக்ரோமீட்டர் இல்லாத ஆள் கடைந்தது. நாலும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், வர்னியர் வைத்தால் ஒன்றுக்கொன்று ஒரு மில்லி, ரெண்டு மில்லி வித்தியாசம் வரும். கட்டிலுக்கு அது போதும். எந்த வேலைக்கு எவ்வளவு துல்லியம் போதும் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது.

பேரிங்குக்கு அது போதாது. 40 மில்லி ஷாஃப்ட்டில் பேரிங் இறுக்கமாக உட்கார வேண்டுமென்றால், நாற்பதுக்கு மேலே 2 மைக்ரானிலிருந்து 18 மைக்ரானுக்குள் நிறுத்த வேண்டும். மைக்ரான் என்பது ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மொத்த இடமே 16 மைக்ரான், தலைமுடியின் கனத்தில் ஒரு சின்னப் பங்கு. பழைய லேத்தில், ஸ்லைடு ஆடுகிற மிஷினில், இதைக் கொண்டுவருவது எப்படி என்று கேட்பார்கள். மிஷினின் ஆட்டம் எவ்வளவு என்று தெரிந்துவைத்துக்கொண்டு, எப்போதும் ஒரே பக்கமிருந்து டயலைத் திருப்பி, கடைசி ரெண்டு கட்டிங்கையும் ஒரே ஆழத்தில் ஒரே ஃபீடில் ஓட்டி, மிச்சம் ஒரு துளியை எமரி ஷீட்டால் எடுத்து. வேறு மந்திரம் இல்லை.

இதில் நான் செய்த முதல் பெரிய தப்பு சூட்டில் அளந்தது. பட்டறைக்கு வந்த ஆறாவது மாதம், ராத்திரி வேலை. மறுநாள் காலையில் ஷாஃப்ட் போக வேண்டும். கார்பைடு டூலில் வேகமாக ஓட்டினேன், சுருள் நீலமாக வந்து விழுந்தது, மைக்ரோமீட்டர் வைத்தால் 40.012. அருமை என்று மிஷினை நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்தேன். காலையில் மேஸ்திரி பேரிங்கை எடுத்து ஷாஃப்ட்டில் வைத்தார். சுத்தியல் வேண்டாம், கையால் தள்ளினதிலேயே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரும்பு ஒரு டிகிரி சூட்டுக்கு ஒரு மீட்டரில் ஏறத்தாழ 12 மைக்ரான் நீளும். 40 மில்லிக்குக் கணக்குப் போட்டால் டிகிரிக்கு அரை மைக்ரான்கூட இல்லை, கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜாப் முப்பது டிகிரி சூடேறியிருந்தால் 14 மைக்ரான் போய்விட்டது, நமக்கு இருந்த இடமே 16.

மேஸ்திரி திட்டவில்லை. ஷாஃப்ட்டின் மேல் என் உள்ளங்கையை எடுத்து வைத்தார். "நேத்து ராத்திரி இதே மாதிரி வச்சுப் பாத்தியா?" என்றார். இன்றைக்கும் கடைசி கட்டிங்குக்கு முன்னால் மிஷினை நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பட்டறையே காய்ந்துகொண்டிருக்கும், உலகத்து அளவுகள் எல்லாம் 20 டிகிரியில் வைத்துச் சொல்லப்படுபவை, காரைக்குடியில் அதற்கு நாம் எங்கே போவது? ஆனால் ஷாஃப்டும் பேரிங்கும் மைக்ரோமீட்டரும் ஒரே சூட்டில் இருந்துவிட்டால் போதும். மூன்றையும் ஒரே மேஜையில் ஒரு மணி நேரம் வைத்துவிட வேண்டும். அவசரக்காரர்கள் இந்த ஒரு மணி நேரத்தைத்தான் நம்மிடமிருந்து பிடுங்கப் பார்ப்பார்கள், கொடுக்கக் கூடாது.

பேரிங் மாட்டுகிறபோதும் அவசரம் ஆகாது. வெளிவளையத்தில் சுத்தியலால் அடித்து ஷாஃப்ட்டில் ஏற்றுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். ஒவ்வொரு அடியும் உள்ளே இருக்கிற குண்டு வழியாகப் போய்ப் பாதையில் குழி போடுகிறது, ஓட ஆரம்பித்த நாளிலிருந்தே பேரிங் முனகும். எண்ணெயில் போட்டு எண்பது, நூறு டிகிரிக்குச் சூடேற்றி எடுத்தால் தானாக உட்காரும். உட்கார்ந்ததும் ஒரு சின்ன 'டக்' கேட்கும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

சரி, ஆச்சியின் முறுக்கு அச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும், அது நான் ரொம்ப விரும்பிச் செய்த வேலை. கோட்டையூரிலிருந்து ஒரு ஆச்சி, ஆர்டர் பிடித்துப் பலகாரம் போட்டுக் கொடுப்பவர், மஞ்சள் பையில் கனமான பித்தளை அச்சு ஒன்றைக் கொண்டுவந்தார். மேலே கைப்பிடியைச் சுற்றினால் திருகு இறங்கி மாவைத் தள்ளுகிற மாதிரி அச்சு.

"எங்க ஆயா வீட்டுச் சாமான் தம்பி. சுத்துனா மேல வழுக்கிக்கிட்டு வந்துருது. மாவு இறங்க மாட்டேங்குது."

"புதுசு வாங்கிக்கலாமே ஆச்சி?"

"புதுசு ரெண்டு இருக்கு வீட்ல. தேன்குழல் பிழிய எனக்கு இதுதான் கைக்கு ஒத்துவருது."

திருகு நன்றாகத்தான் இருந்தது, மூடியில் இருக்கிற மரை மட்டும் போயிருந்தது. மூடியைக் குடைந்து, புதுப் பித்தளை புஷ் போட்டு, அதற்குள் சதுர மரை வெட்ட வேண்டும். மரை ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வர்னியர் வைத்தால் 4 மில்லி மாதிரி காட்டியது. நாலு என்று வைத்து வெட்டியிருந்தால் புஷ் ரெண்டு சுற்று ஏறி நின்றிருக்கும். பத்து மரையைச் சேர்த்து அளந்தேன், 42.3 மில்லி வந்தது. அப்படியென்றால் இது மில்லிக் கணக்கே இல்லை, அங்குலத்துக்கு ஆறு மரை. ஒரு மரையில் ஒளிந்துகொள்கிற கால் மில்லி பத்து மரையில் ஒளிய முடியாது.

என்னுடைய லேத் பழசு, மரை வெட்டும்போது டூலை நகர்த்துகிற நீளத் திருகான லீட் ஸ்குரூ அங்குலத்துக்கு நாலு மரை. அதனால் ஆறு வெட்டுவது சுலபம், 40 பல் கியரும் 60 பல் கியரும் மாட்டினால் போதும். மில்லி மரை வெட்ட வேண்டுமென்றால்தான் 127 பல் கியரைத் தேட வேண்டும், ஒரு அங்குலம் 25.4 மில்லி, ஐந்து அங்குலம் 127 மில்லி, அந்தக் கணக்குதான் கியரில் பல்லாக உட்கார்ந்திருக்கிறது. என்னிடம் வேலை பழக வருகிறவர்களுக்கு அந்தக் கியரைக் கையில் கொடுத்துப் பல்லை எண்ணச் சொல்வேன். எண்ணி முடித்துவிட்டு "ஏண்ணே இவ்வளவு வித்தியாசமான நம்பர்?" என்று கேட்கிற பையன் நிலைப்பான்.

பித்தளைக்கு டூலின் முகம் தட்டையாக இருக்க வேண்டும். எஃகுக்குத் தீட்டுகிற மாதிரி மேல்சரிவு வைத்தால் டூல் தானாக உள்ளே இழுத்துக்கொண்டு போய்ச் சாமானைக் கிழித்துவிடும். டூலின் அகலம் பிட்சில், அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தில், பாதி, அதோடு திருகு சுற்றுவதற்குக் கொஞ்சம் இடம். ஆறு நாலால் சரியாக வகுபடாது என்பதால், டூலை லீட் ஸ்குரூவோடு கோக்கிற ஹாஃப் நட்டைத் திறக்காமல், ஒவ்வொரு தடவையும் டூலைப் பின்னுக்கு எடுத்து மிஷினையே ரிவர்ஸில் ஓட்டித் திரும்பி, திரும்பத் திரும்ப, பத்தில் ஒரு மில்லி, பத்தில் ஒரு மில்லியாக. பித்தளைத் தூள் மழை மாதிரி பறக்கும், கண்ணாடி போடாமல் நிற்க முடியாது. துளைக்குள் நடக்கிற வெட்டு கண்ணுக்குத் தெரியாது, காதால்தான் வெட்ட வேண்டும். கடைசியில் ஆச்சியின் திருகை எண்ணெய் தொட்டு வைத்துச் சுற்றினேன். முதல் ரெண்டு சுற்று கையில் லேசாகப் பிடித்தது, அப்புறம் அதன் பாட்டுக்கு இறங்கிப் போய்விட்டது.

இந்த அங்குல மரை விஷயம் எங்கள் ஊரில் ஓயாமல் வரும். பெரிய வீடுகள் கட்டிய காலத்தில் இரும்புச் சாமான்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன, அதில் இருப்பது விட்வொர்த் மரை. ஜோசப் விட்வொர்த் என்பவர் 1841இல் ஆளுக்கொரு மரை வெட்டிக்கொண்டிருந்ததை ஒழுங்கு பண்ணி, 55 டிகிரி கோணம் என்று வைத்துவிட்டுப் போனார். இன்றைய மில்லி மரை 60 டிகிரி. கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டு இரும்புப் படிக்கட்டில் பழைய அரை அங்குல போல்ட் ஒன்று விழுந்துவிட்டது என்று கடையில் அரை அங்குல போல்ட் வாங்கி ஸ்பேனர் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். விட்வொர்த் அரை அங்குல போல்டில் ஒரு அங்குல நீளத்துக்குப் பன்னிரண்டு மரை, இவர்கள் வாங்கியது அமெரிக்கக் கணக்கு, பதிமூன்று மரை. ரெண்டு மூன்று சுற்று நன்றாக ஏறும், அப்புறம் இறுகும், இறுகுவதைப் பார்த்து நன்றாகப் பிடித்துவிட்டது என்று இன்னும் அழுத்தினால் நூறு வருஷ மரை உரிந்து வந்துவிடும். உரிந்துதான் வந்தது. அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு நாள் ஆனது. பழைய வீடு வைத்திருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன், போல்ட் கையால் ஏற மறுத்தால் ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

கூலி பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். "அரை மணி நேர வேலைக்கு இவ்வளவா?" என்று கேட்பவர்கள் மிஷின் ஓடுகிற நேரத்தைத்தான் எண்ணுகிறார்கள். ஜாபைக் கவ்விச் சுற்றுகிற நாலு தாடை சக்கில் அதைப் பிடித்து, ஆட்டத்தைக் காட்டுகிற டயல் கேஜ் வைத்து, நூறில் ரெண்டு மில்லிக்குள் சென்டருக்குக் கொண்டுவருவதற்கே சில நாள் அரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் பார்க்கிறவருக்கு நான் சும்மா சாவியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருப்பதாகத்தான் தெரியும். இதனால்தான் பையன்களும் நிலைப்பதில்லை. ரெண்டு வருஷம் படித்துவிட்டு, எமரி ஷீட்டைப் பிடிக்கக் கற்றுக்கொண்டதும் சிங்கப்பூருக்கோ ஓசூருக்கோ போய்விடுகிறார்கள். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, நானே போய்விட்டு வந்தவன்தான், இந்த ஊரே கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்த ஊர். ஆனால் தேய்ந்த சாமானைப் பார்த்து அது எப்படி இருந்தது என்று சொல்கிற கண் வருவதற்கு ஐந்தாறு வருஷம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அந்தக் கண் இருக்கிற ஆள்கள் எங்கள் சுற்றுவட்டாரத்தில் குறைந்துகொண்டே வருகிறார்கள். மேஸ்திரியும் இப்போது இல்லை. ஒரு ஆலை நின்றால், ஒரு போர் பம்பு நின்றால், அதன் டிராயிங் ஜெர்மனியிலோ சீனாவிலோ இருந்தால், இவர்களைத் தவிர யாரிடம் போவது?

வருகிற பையன்களிடம் முதல் நாளே நான் கண்டிப்பாகப் பேசுவது கைக்கயிறு பற்றித்தான். நம் பக்கத்துப் பையன்கள் கையில் கயிறு இல்லாமல் இருக்க மாட்டார்கள், பிள்ளையார்பட்டிக் கயிறு, குலதெய்வக் கயிறு, பழனிக் கயிறு. சக் சுற்றும்போது அந்தக் கயிற்றில் ஒரு நுனி மாட்டினால் போதும், கையை இழுத்துக்கொண்டு போய்விடும், நூல் அறுந்துவிடும் என்று நினைக்கக் கூடாது, கோயில் கயிறு அவ்வளவு சீக்கிரம் அறுவதில்லை. கோயம்புத்தூரில் பக்கத்து மிஷினில் நின்றவனின் மணிக்கட்டு அப்படித்தான் போனது, அந்தச் சத்தத்தை இங்கே எழுத விரும்பவில்லை. "கழுத்துலயும் வேணாம், கையிலயும் வேணாம், இடுப்புல கட்டிக்க தம்பி, சாமி கோவிச்சுக்காது" என்பேன். வாடிக்கையாளர்களிடம் சொல்வதுதான் கஷ்டம். பெரியவர்கள் தோளில் துண்டோடு வந்து, மிஷின் ஓடும்போதே குனிந்து "எவ்வளவு வந்துருக்கு?" என்று பார்ப்பார்கள். நான் மிஷினை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொல்வேன். சிலருக்கு அது மரியாதைக் குறைவாகப் படுகிறது. பட்டால் படட்டும்.

இப்போது அந்தப் புளோயர் ஷாஃப்ட். மூன்றாவது தடவை வந்ததும் வழக்கம்போல வெல்டுக்கு எடுத்து வைக்கச் சொன்னேன். பையன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான்.

"அண்ணே, இது ஒரு பக்கம்தான் தேஞ்சிருக்கு."

வாங்கிப் பார்த்தேன். பேரிங் இடத்தில் ஒரு பக்கம் செங்காவி நிறத்தில் பொடி படிந்து, குழிந்து போயிருந்தது. நேர் எதிர்ப் பக்கத்தில் நான் போன தடவை கடைந்த டூல் கோடு அழியாமல் அப்படியே இருந்தது. எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. ஷாஃப்ட்டைச் சுற்றவைக்கிற பெல்ட் இழுத்துத் தேய்ந்திருந்தால் இப்படி இருக்காது. பெல்ட் எப்போதும் ஒரே திசையில் இழுக்கிறது, ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அதனால் ஷாஃப்ட்டின் எல்லாப் பக்கமும் முறை வைத்து அந்த இழுப்பை வாங்கும், தேய்ந்தால் சுற்றிலும் தேயும். ஷாஃப்ட்டில் ஒரே பக்கம் தேய்கிறதென்றால் பாரமும் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றுகிறது. ஃபேனில் ஒரு பக்கம் கனம். ரெண்டு தடவை இது என் கையில் இருந்தது, ரெண்டு தடவையும் தேய்மானத்தை வெல்டு போட்டு மூடினேன்.

ஆபரேட்டரோடு வண்டியில் ஆலைக்குப் போனோம். ஃபேனைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்தால், உமி அரித்து இறக்கைகள் ஓரமெல்லாம் தகடு மாதிரி மெலிந்திருந்தன. உமியில் சிலிக்கா இருக்கிறது, மணல் காகிதம் மாதிரி இரும்பைத் தின்னும். ஒரு இறக்கை ஓட்டையே விழுந்ததால், யாரோ அதற்கு மட்டும் கனமான தகடு ஒட்டுப் போட்டிருந்தார்கள். நல்லெண்ணத்தில் செய்த வேலை, வெல்டும் சுத்தமாக இருந்தது. அந்த ஒட்டு நூறு கிராம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சென்டரிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி, நிமிஷத்துக்கு 1500 சுற்றில் அது ஷாஃப்ட்டை வெளியே இழுக்கிற இழுப்பு அறுபது கிலோவுக்கு மேல். நொடிக்கு இருபத்தைந்து தடவை அந்த அறுபது கிலோ சுற்றிவந்து ஷாஃப்ட்டின் அதே ஒரு பக்கத்தைப் பேரிங்கில் வைத்து அழுத்துகிறது. என் வெல்டு அதற்கு என்ன செய்யும்?

ஃபேனைப் பட்டறைக்கு எடுத்து வந்து, ஷாஃப்ட்டில் வெல்டை எதிரெதிர்ப் பக்கமாக வரிவரியாக ஏற்றினேன், ஒரே பக்கமாக ஏற்றினால் ஷாஃப்ட் வளைந்துவிடும். ஏற்றி முடித்ததும் உமிச் சாம்பலில் புதைத்து ராத்திரி முழுக்க ஆறவிட்டேன், திடீரென்று ஆறினால் வெல்டு ஓரம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். காலையில் ரெண்டு சென்டருக்கு நடுவில் பிடித்துக் கடைந்து, 40.010இல் நிறுத்தினேன். கையை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. அப்புறம் ஃபேனை மாட்டி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த ரெண்டு ஆங்கிள் விளிம்பின் மேல் ஷாஃப்ட்டைப் படுக்க வைத்தோம். உடனே உருண்டு, ஒட்டுப் போட்ட இறக்கை அடியில் போய் நின்றது. பையன் எதிர் இறக்கையில் களிமண்ணை உருட்டி ஒட்டினான், கொஞ்சம் கூட்டினான், கொஞ்சம் கிள்ளினான், எந்த இடத்தில் நிறுத்தினாலும் அங்கேயே நிற்கிற வரைக்கும். அந்தக் களிமண்ணை நிறுத்து, அதே எடைக்குத் தகடு வெட்டி வெல்டு வைத்தோம். இதற்கு மட்டும் ஒரு மத்தியானம் முழுக்க ஆனது.

சாயங்காலம் ஆலையில் மாட்டி ஓட்டினோம். நான் ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பேரிங் ஹவுசிங்கில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டேன். முன்னால் தடதடவென்று இருந்தது இப்போது ஒரே சீரான இரைச்சலாக இருந்தது. பையனிடம் டிரைவரைக் கொடுத்தேன், அவன் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். மூன்றாவது தடவை வேலைக்கு வெல்டு ராடு காசு மட்டும் வாங்கிக்கொண்டேன், கூலி வாங்க மனசு வரவில்லை.

ஆனி மாதம் அதே ஆபரேட்டர் திரும்ப வந்தார். எனக்குத் திக்கென்றது. வண்டியிலிருந்து இறக்கியது வேறு ஷாஃப்ட், ஆலையில் நெல்லை மேலே ஏற்றுகிற எலிவேட்டரினுடையது. நான் மிஷினில் இருந்தேன், நிறுத்தவில்லை. பையனைக் கூப்பிட்டு, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் துடைத்து நீயே முதலில் பாரு என்றேன்.